சரிவு நிலத்துக்கு எந்தப் போர்வை? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே வருத்தம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ஒடுகத்தூர், சத்துவாச்சாரி, ஜவ்வாது மலை, காவேரிப்பாக்கம், ஏலகிரி என்று ஊர்கள் மாறினாலும், ‘மண் கரைந்து போகிறது, எதை நட்டால் நிற்கும்?’ என்பதே எல்லோருடைய கேள்வியாகவும் இருக்கிறது. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

*

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஒடுகத்தூரை அடுத்த மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. மாங்கன்று வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து கீழ்வரப்பில் வந்து தேங்குகிறது. இரண்டு இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்துவிட்டது. வெட்டிவேர் ஒன்றே போதும் என்று சிலரும், புல் விதை தூவினால் போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். வீட்டில் ஆடு மாடுகளும் உண்டு. நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? – ஒடுகத்தூர் வாசகர்

பதில்: உங்கள் நிலத்தில் இரண்டு விதமான அழிவு ஒரே மழையில் நடக்கிறது. பெருமழையின் பெரிய துளி வினாடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் வந்து விழுகிறது. வெற்றுச் செம்மண்ணில் அது விழும்போது மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் தெறித்து, மண்ணின் கண்களை அடைத்துக்கொண்டு மேலே ஓர் ஏடாகப் படிந்துவிடுகிறது. ஏடு படிந்த நிலத்தில் நீர் உள்ளே இறங்க வழியில்லை. இறங்காத நீர் சரிவில் ஓடத் தொடங்கி, முதலில் கண்ணுக்குத் தெரியாத படலமாக மண்ணைச் சுரண்டி, பிறகு விரல் அகலச் சிற்றோடைகளாகி, நீங்கள் எழுதியிருப்பது போல முழங்கால் ஆழப் பள்ளமாகிறது. துளியின் அடியைத் தாங்குவது தரையை மூடும் போர்வையின் வேலை. ஓடும் நீரின் வேகத்தை உடைப்பது குறுக்கே நிற்கும் வேலியின் வேலை. வெட்டிவேர் மிக நல்ல வேலி, ஆனால் அது போர்வை ஆகாது. வரிசைக்கும் வரிசைக்கும் இடையே தரை வெறுமையாகக் கிடந்தால், அங்கே மண் தெறித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உங்களிடம் சொன்ன இரண்டு தரப்பும் பாதிப் பாதி சரி.

செடிகளைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதத்துப் பச்சையைப் பார்த்து எந்தச் செடியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த மாதத்தில் நம் பக்கத்தில் பச்சையாக இல்லாத செடி எது? வேலூரின் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் நிலம் புழுதியாகக் கிடக்கும்போதுதான் கோடை இடிமழை ஒரு மணி நேரம் கொட்டி, ஓர் ஆண்டில் சேர்ந்த மேல்மண்ணை ஒரே மாலையில் கொண்டுபோகிறது. அந்த மாலையில் எந்தச் செடியின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, எந்தச் செடியின் காய்ந்த தாளாவது தரையை மூடியிருக்கிறதோ, அதுவே உங்கள் நிலத்துக்கு உரியது. மேலே காய்ந்திருந்தாலும் குற்றமில்லை, தூர் உயிரோடு இருக்க வேண்டும். இந்த ஒரே அளவுகோலை வைத்தால் நர்சரிகளில் ‘நிலப்போர்வை’ என்று விற்கப்படும் அழகுச் செடிகளில் பெரும்பாலானவை கழிந்துபோகும்.

இந்த அளவுகோலுக்கு நிற்பவற்றுள் நான் முதலில் சொல்வது கொழுக்கட்டைப் புல். சரளை கலந்த செம்மண்ணில், மழையை மட்டுமே நம்பி, தூர் தூராக வளர்ந்து பல ஆண்டுகள் நிற்கும். கோடையில் வைக்கோல் நிறமாகிவிட்டாலும், முதல் மழைக்கு அதே தூரிலிருந்து துளிர்க்கும். ஆடு மாடுகளுக்கும் நல்ல தீவனம். அறுவடை செய்த புது விதை ஆறு முதல் எட்டு மாதங்கள் வரை உறக்கத்தில் இருக்கும் என்பதால், வாங்கும்போது விதையின் வயதைக் கேட்டு வாங்குங்கள். விதைத்தும் முளைக்கவில்லை என்று வருந்துவோர் பலர் புது விதையை விதைத்தவர்களே. விதை மிக இலேசானது. ஆழப் புதைக்காமல், ஈர மணலோடு கலந்து தூவி, முள் கிளையை இழுத்து மண்ணோடு சேர்த்தால் போதும்.

கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசாலைச் சேர்த்து விதைப்பது நல்லது. இது பயறு வகைச் செடி. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருவதால் உடன் வளரும் புல்லும் செழிக்கும், மாங்கன்றுக்கும் கெடுதல் இல்லை. இதன் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் வைத்து எடுத்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். கொதிக்கும் நீரில் போட்டால் விதை செத்துவிடும். ஏக்கருக்கு நான்கு கிலோ விதை போதுமானது.

ஆனால் புல்லும் மசாலும் தரையை மூடுவதற்கு ஓர் ஆண்டாவது வேண்டும். அந்த முதல் ஆண்டுதான் ஆபத்தான ஆண்டு. அதற்கு மூடாக்குப் போடுங்கள். உங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. மட்டையையும் ஓலையையும் சரிவுக்குக் குறுக்காக, முனைக்கு முனை தொடும்படி அடுக்கி, இடையே கரும்புச் சோகை அல்லது நிலக்கடலைக் கொடியைப் பரப்புங்கள். மட்டையைச் சரிவின் நீளவாக்கில் போட்டால் அதன் ஓரமே வாய்க்காலாகிவிடும். மாங்கன்றின் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு முழம் தள்ளியே போட வேண்டும், இல்லையேல் கரையான் ஏறும்.

அடுத்து வேலி. 1980களில் ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்டு கிரிம்ஷா என்ற உலக வங்கி வேளாண் வல்லுநர்கள் இருவர் மண் காப்புக்கு வெட்டிவேரை இந்தியாவில் பரிந்துரைத்துப் பரப்பினார்கள். கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் அதற்குத் தலைமுறைகள் முன்பே வயல் எல்லைகளில் அதை வரிசையாக நட்டு வந்திருக்கிறார்கள். ஆழமான மண்ணில் அதன் வேர் இரண்டு, மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். நம் மலையடிவாரங்களில் ஒன்றிரண்டு அடி மண்ணுக்குக் கீழே பாறை வந்துவிடுவதால் அந்த ஆழத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் பாறை இடுக்கில் புகுந்து அது பிடித்துக்கொள்ளும். தூரைப் பிரித்து, அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நட வேண்டும். 100 அடி வரிசைக்கு ஏறக்குறைய 200 தூர்கள் தேவைப்படும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே நிலம் ஒரு மீட்டர் இறங்கியிருக்கலாம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவாக இருந்தால் பத்து மீட்டருக்கு ஒரு வரிசை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இளந்தூருக்கு நிழல் ஆகாது என்பதால் மாமரத்தின் கிளை விரியும் எல்லைக்கு வெளியே நடுங்கள்.

வரிசை மட்டமாக அமைய வேண்டும் என்பதை மிக அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்தில் உள்ள எங்கள் சொந்த நிலத்தில் நான் இதில்தான் தவறு செய்தேன். கண்ணால் பார்த்து நேர்கோடு போட்டு நட்டேன். அடுத்த பெருமழையில் நீரெல்லாம் வரிசையின் தாழ்ந்த முனைக்கு ஓடிச் சேர்ந்து, அந்த முனையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அதுவரை இல்லாத ஒரு பள்ளத்தைப் பறித்துவிட்டது. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டோ, இரண்டு கால்களும் ஒரு குறுக்குக் கொம்பும் சேர்த்துக் கட்டி நடுவில் கல் தொங்கவிட்ட சட்டத்தைக் கொண்டோ சம உயரப் புள்ளிகளைக் குறித்து, அவற்றைத் தொட்டுச் செல்லும் வளைகோட்டில் நடுங்கள். வரிசையின் இரு முனைகளையும் ஓர் எட்டடி மேல்நோக்கி வளைத்துவிடுங்கள்.

வெட்டிவேரை வேருக்காக விற்கும் ஆசை வந்தால் தயவுசெய்து சரிவில் உள்ளதைத் தொடாதீர்கள். வேரைத் தோண்டி எடுக்க மண்ணை முழுவதும் புரட்ட வேண்டும். காக்க வைத்த வேலியே நிலத்தை உடைத்ததாக முடியும். விற்பனைக்குச் சமநிலத்தில் தனியாக நடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த இரண்டு ஓடைகளிலும் செடி நட்டுப் பயனில்லை. அடுத்த மழை பிடுங்கிக்கொண்டு போய்விடும். கீழிருந்து மேலாக, குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் அமையுங்கள். ஒவ்வொரு தடுப்பின் நடுப்பகுதியும் ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் கரையைப் பறித்துக்கொண்டு போகும். வண்டல் சேர்ந்த பிறகு அந்த வண்டலில் வெட்டிவேரையும் நொச்சியையும் நடலாம்.

ஆடுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் சரிவில் மேய்ச்சல் கூடாது, அறுத்துக்கொண்டு வந்து கொட்டிலில் போடுங்கள். நான்கு விரற்கடை தாள் நிற்கும்படி அறுக்க வேண்டும். எல்லை ஓரத்தில் ஆடாதொடையை நடுங்கள். ஆடு தொடாத இலை என்ற பெயரே அதற்குச் சான்று.

*

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் மலையை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டியதில் பத்தடி உயரத்துக்குச் செங்குத்தான மண்சுவர் நிற்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கூடை கூடையாக மண் விழுகிறது. கொரியன் புல் பதிக்கலாமா, படரும் கொடி விடலாமா, அல்லது சிமெண்ட் பூசிவிடலாமா? இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். – சத்துவாச்சாரி வாசகி

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட மூன்றையும் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலையே மேலோங்கியது. செங்குத்தான பத்தடி மண்வெட்டை எந்தச் செடியும் காக்காது. புல்லின் வேர் பிடிப்பது மேலே ஓரடி மண்ணைத்தான். சரியப்போகும் மண்ணோ அதற்குப் பின்னால் பல அடி ஆழத்திலிருந்து சரியும். கொரியன் புல் தினமும் நீர் கேட்கும். அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி எடையைக் கூட்டுமே தவிரப் பிடிப்பைக் கூட்டாது. படரும் கொடி விரிசலைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். நீர் வெளியேறத் துளை விடாத சிமெண்ட் பூச்சு, பின்னால் நீரைத் தேக்கிவைத்து ஒரு நாள் பலகை பலகையாக விழும்.

‘மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த மரமில்லாத மலைதான். பாறையில் விழும் மழை கூரையில் விழுந்தது போல அப்படியே வழிந்து உங்கள் மண்வெட்டின் விளிம்புக்கு வருகிறது. ஆகவே முதல் வேலை மேலே செய்ய வேண்டியது. விளிம்புக்குச் சில அடிகள் பின்னால், சரிவுக்குக் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் அடியில் நீர் இறங்காதபடி கட்டி, வழிந்து வரும் நீரை அண்டை வீட்டாருக்குத் தீங்கில்லாமல் பக்கவாட்டில் கொண்டுபோய்த் தெருவடிகாலில் சேர்க்க வேண்டும். விளிம்பின் மேல் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, குவித்த மண் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்தது சாய்வு. பின்னால் இடம் இருந்தால், ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி கிடை என்ற அளவில் சாய்க்க வேண்டும். பத்தடி உயரத்துக்குப் பதினைந்தடி இடம் தேவை. இடம் இல்லையென்றால் தடுப்புச்சுவர் ஒன்றுதான் வழி. அதைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து வரைந்து கொடுக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் நீர் கசியும் துளைகள் விடப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மேஸ்திரிகள் சிலர் விட்டுவிடுகிறார்கள்.

சாய்வாக்க முடிந்தால், அதன் பிறகே போர்வை. தென்னை நாரில் பின்னிய வலையைச் சாய்வின் மேல் விளிம்பிலிருந்து கீழாக விரித்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்படி முளைகள் அடித்து, அதன் கண்களுக்குள் வெட்டிவேரையும் அருகம்புல்லையும் நடலாம். வலைக்கும் மண்ணுக்கும் இடைவெளி இருந்தால் அதற்கு அடியிலேயே நீர் ஓடி மண்ணைக் கொண்டுபோய்விடும். நார் வலை சில ஆண்டுகளில் மக்கும். அதற்குள் வேர் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும்.

தார்ப்பாய் ஒரு புயல் இரவுக்கு உதவும், பருவம் முழுவதற்கும் உதவாது. வாரம் ஒரு முறை அதை நீக்கி, விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் தெரிகிறதா, கம்பமோ மரமோ சாய்ந்திருக்கிறதா, அடியில் கலங்கிய நீர் கசிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை ஓயும்வரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் உறங்க வேண்டாம்.

*

கேள்வி: ஜவ்வாது மலையில் சரிவுக் கொல்லையில் சாமை விதைக்கிறோம். அறுவடைக்குப் பிறகும் மழை தொடர்வதால் வெறும் நிலத்தில் மண் போகிறது. ‘சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று பெரியவர்கள் சொன்னபடி கோடையிலும் உழுகிறோம். என்ன மூடுபயிர் ஏற்றது? – ஜவ்வாது மலை வாசகர்

பதில்: அந்தப் பழமொழி சமநிலத்துக்குப் பொன்மொழிதான். கோடை உழவு மழைநீரை உள்ளே வாங்கவும், களையையும் புழுவையும் அழிக்கவும் உதவுகிறது. ஆனால் உங்கள் கொல்லை போன்ற செங்குத்துச் சரிவில் அந்தப் பொன்னான புழுதி முதல் இடிமழையிலேயே கீழே உள்ள ஓடைக்குப் போய்விடுகிறது. இலேசான சரிவில் உழுவதானால் குறுக்காக மட்டும் உழுங்கள். நட்டுக்குத்தான பகுதியில் கோடை உழவை விட்டுவிடுங்கள். விதைப்புக்கு முன் ஒரு முறை கீறினால் போதும்.

மூடுபயிராகக் கொள்ளுப் பயிரையே நான் சொல்வேன். சாமை மணி முற்றி அறுப்புக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது, மண்ணில் ஈரம் இருக்கும் நாளில், நிற்கும் பயிருக்கு இடையே கொள்ளு விதையைத் தூவிவிடுங்கள். ஏக்கருக்கு எட்டு கிலோ போதும், மூடுவதற்காகவே விதைப்பதால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ கூட்டினாலும் நல்லதே. சாமையைத் தரையோடு அறுக்காமல் ஒரு சாண் தாள் விட்டு அறுத்தால், அந்தத் தாள் கொள்ளின் இளங்கொடியையும் மண்ணையும் சேர்த்துப் பிடிக்கும். கொள்ளு பனிக்காலத்து ஈரத்திலேயே விளைந்துவிடும். அதை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுங்கள். வேர் மண்ணிலேயே இருக்கட்டும். சாமையோடு துவரையைக் கலந்து விதைக்கும் வழக்கம் உங்கள் பக்கத்தில் இருந்தால் அதை விடாதீர்கள். சாமை போன பிறகும் துவரை தை வரை நின்று நிழல் தரும், உதிரும் இலை மூடாக்காகும். கொல்லையில் பொறுக்கும் கற்களை ஓரத்தில் குவிக்காமல் சம உயரக் கோட்டில் வரிசையாக அடுக்கி வாருங்கள். கல்வரிசை நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும். சில ஆண்டுகளில் அதன் மேற்புறம் தானே படிக்கட்டாகிவிடும்.

*

கேள்வி: எங்கள் நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையின் கரை கரைகிறது. கரையில் வேம்பும் புங்கனும் நடலாமா? – காவேரிப்பாக்கம் வாசகர்

பதில்: கரையின் மேல் வேண்டாம். பெருமரம் பட்டுப்போனால் அதன் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போன்ற துளை உண்டாகும். குட்டை நிரம்பும்போது நீர் அந்தத் துளை வழியே புகுந்து கரையை உடைக்கும். மரங்களைக் கரையின் வெளிப்புற அடியிலிருந்து தள்ளி நடுங்கள். பனை இதற்கு விலக்கு. அதன் வேர் பருத்துப் பிளக்காமல் சல்லி வேராகவே பரவுகிறது. நம் ஏரிக்கரைகளில் பனை நிற்பதன் பொருத்தம் இதுதான். கரையின் இரு சரிவுகளிலும் அருகம்புல் கரணைகளை ஒரு சாணுக்கு ஒன்றாகப் பதித்து, உட்புறத்தில் நீர் தொடும் மட்டத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை வையுங்கள். அலை அடிப்பதை அது வாங்கிக்கொள்ளும். புல்லை உயரமாக வளரவிடாமல் அறுத்து வந்தால்தான் எலி வளையும் நண்டு வளையும் கண்ணுக்குத் தெரியும்.

*

கேள்வி: ஏலகிரியில் உள்ள எங்கள் தோட்டச் சரிவில், மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படரும் ‘வெடேலியா’வை நடலாம் என்று நர்சரியில் சொல்கிறார்கள். வேகமாக மூடுமாம். நடலாமா? நல்ல நாற்று எங்கே, எப்போது கிடைக்கும்? – ஏலகிரி வாசகி

பதில்: வேகமாக மூடும் என்பது உண்மை, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நம் மலைக்காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. வெடேலியா கணுவுக்குக் கணு வேர்விட்டாலும் அந்த வேர் மேலோட்டமானது. நீர் கிடைக்கும் ஓடைக்கரையில் அது மற்ற செடிகளை அழுத்திவிடும், நீர் கிடைக்காத மேட்டிலோ கோடையில் கருகித் தரையைக் கைவிட்டுவிடும். ஈரமான ஓரங்களுக்குப் பொடுதலையும், வெயில்படும் சரிவுக்கு அருகும் கொழுக்கட்டைப் புல்லும் நடுங்கள்.

நாற்றை வெளியே தேடுவதைவிட நீங்களே வளர்ப்பது நல்லது. மாசி மாதத்தில் ஐம்பது வெட்டிவேர்த் தூர்களை வாங்கி, கிணற்றடியில் ஈரம் காயாத பாத்தியில் நட்டு வையுங்கள். வாங்கும்போது வேர்ப்பகுதி காயாமல் ஈரச் சாக்கில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். ஆடி மாதத்துக்குள் ஒவ்வொரு தூரும் பலவாகக் கிளைத்திருக்கும். அவற்றைப் பிரித்து, தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகள் கிடைக்கும் ஆடி, ஆவணியிலேயே சரிவில் நட்டுவிட்டால், ஐப்பசிப் பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் நடுவோர் முதல் அடைமழையிலேயே பாதியை இழக்கிறார்கள். புல், மசால் விதைகளுக்கும் மண் பரிசோதனைக்கும் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேளுங்கள். போகும்போது சரிவின் மேல், நடு, கீழ் என மூன்று இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.